எண்ணூறு டிகிரி அவசரம்

திங்கட்கிழமை காலை, காரிமங்கலத்திலிருந்து தருமபுரி போகும் பஸ். முன் இருக்கையில் ஆராய்ச்சி மாணவிகள் இருவர். இளையவள் சொன்னது காதில் விழுந்ததும், மடியில் தூங்கும் குழந்தையிடமிருந்து கண்ணை எடுத்தேன்.

“சனிக்கிழமை கடைசி பஸ் போயிடும்னுதாங்க்கா, லேபுல ஃபர்னஸ ஐநூறு டிகிரியில இருந்து எண்ணூறுக்கு ஏத்திட்டேன்.”

“டைட்டானியம் டை ஆக்சைடு என்ன பருப்பாடி, தீயக் கூட்டுனா சீக்கிரம் வேக?”

“பவுடரு வெள்ளையாத்தானே இருக்குதுங்க்கா?”

“நெறம் மாறாது, படிகம் மாறியிருக்கும். நான் கேட்டது அனடேஸு, சாயத்த நல்லா வெளுக்கிறது. நீ ஆக்கி வெச்சிருக்கிறது ரூட்டைலு. ஒரே செங்கல்லுல வூடும் கட்டலாம், மாட்டுக் கொட்டாயும் கட்டலாம். நீ கொட்டாய் கட்டியிருக்க. நாளைக்குக் கைடு முன்னாடி சாயத்தண்ணிய வெளுத்துக் காட்டணும். இதை வெச்சு எப்படிக் காட்டுவேன்?”

“ஆற வெச்சா பழையபடி ஆயிடாதுங்களா?”

“வெந்த முட்டைய ஃப்ரிட்ஜுல வெச்சா பச்சை முட்டை ஆயிடுமா?”

அவசரத்தில் தீயைக் கூட்டிக் காய்ச்சிய ராகிக் கஞ்சி என் கூடையில் இருந்தது. திறந்து முகர்ந்துவிட்டு மூடினேன்.

“வேக வெக்காத பவுடரு இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க்கா. இன்னைக்கு ஐநூறுலயே வெக்கிறேன்.”

“அப்போ பஸ்ஸு?”

இளையவள் போனை எடுத்தாள். “அம்மா, இன்னைக்கு அக்காவோட ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன். வேலை இருக்குது. இல்லம்மா, தப்பு ஒண்ணும் பண்ணல.”

மூத்தவள் இருமினாள்.

“கொஞ்சமா பண்ணிட்டேம்மா.”