செருப்பு மட்டும் விழுந்த படம்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ். உட்கார இடமில்லாத எரிச்சலில் நின்றிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த கேமராக்காரன் தன்னோடு வந்தவரிடம் சொன்னான்:

“உன் தம்பிய படத்துலேந்து தூக்கினது நான் இல்ல அண்ணாத்த, சாப்ட்வேரு.”

“இன்னா சொல்ற?”

“விடியக்காத்தால கடல எடுத்தா, வெளிச்சம் கம்மியா ஒண்ணு, சரியா ஒண்ணு, ஜாஸ்தியா ஒண்ணுன்னு மூணு படம் எடுப்பேன். சாப்ட்வேரு மூணையும் ஒண்ணா சேத்துடும். எது அசைஞ்சாலும் அழிச்சிடும். உன் தம்பி தண்ணிக்குள்ள நடந்து போய்கினு இருந்தான்.”

“அந்த மூணு படம் எங்க?”

“அன்னிக்கே டெலீட் பண்ட்டேன். அவன் காணாம போவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

போனை நீட்டினான். ஆளே இல்லாத கடல், கண்ணைப் பறிக்கிற வானம்.

“மணல்ல பாரு. செருப்பு அசையல. அதான் கீது.”

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“வாரு அறுந்துச்சின்னு பச்ச ஒயரு வெச்சி நான்தான் கட்டிக் குடுத்தேன்.”

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. அங்கே அவர் போன் அடித்தது.

“விசாரிச்சிட்டேம்மா. யாரும் பாக்கலியாம். சரி, அவனுக்கும் சோறு எடுத்து வையி.”