மிச்ச வெந்தயம்

வெந்தயத்தை ராத்திரியே ஊறப்போட்டால்தான் நைசாக அரைபடும், டாக்டர். தலையில் என்ன போட்டீர்கள் என்று கேட்டீர்கள். "வெறும் வெந்தயந்தான்" என்று அண்ணி சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் வெளியே உட்காரட்டும், நான் சொல்கிறேன்.

முதலில் என் தலையைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிடித்த பொடுகு. வேப்பிலை, எலுமிச்சை, ஷாம்பு, நீங்கள் எழுதித் தந்த லோஷன், எதற்கும் அடங்கவில்லை. சொறிந்தால் நகத்தில் ரத்தம் வருகிறது. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூவுக்குப் போனேன். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். அவர்கள் பார்த்தது என் கறுப்புச் சுடிதாரின் தோளை.

அதே வீட்டில், அதே போர் தண்ணீரில் குளிக்கிற அண்ணிக்கு முடி இடுப்புக்குக் கீழே. கெட்டவர் இல்லை. ஞாயிறுதோறும் எனக்காக வெந்தயம் அரைத்துத் தேய்த்துவிடுவார். கூடவே சிரிப்பார்.

"இன்னா ரேகா, தலையில கோலமாவு கொட்டிகினியா? பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு சவுரியத்தான் காட்டணும் போல."

அம்மாவும் சிரிப்பாள். அண்ணன், "வுடு, பாவம் அது" என்பான். அந்தப் பாவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் பூஜடை தைக்கக் குமணன்சாவடியில் ஆள் சொல்லியாயிற்று. கண்ணாடி முன் நிறுத்தி, முதுகுப் பக்கம் தெரியப் படம் எடுப்பார்கள். தைக்கும்போது ஜடையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நாத்தனாராம். நான்.

எனக்குத் தேய்த்து மிஞ்சியதை வீணாக்காமல் தன் தலையில் வழித்துக்கொள்வது அண்ணியின் வழக்கம். போன ஞாயிறு அந்த மிச்சத்தில் முடி நீக்கும் கிரீமைக் கலந்தேன். இன்றைக்கு நான் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

"இன்னாடி, டாக்டராட்டம் கிளவுஸு?"

"கையில புண்ணு அண்ணி. நல்லா ஊறட்டும், அப்பால குளிங்க."

கண்ணை மூடிக்கொண்டார். நன்றாகத் தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை.

தண்ணீர் ஊற்றியதும் சாக்கடை ஓட்டை அடைத்துக்கொண்டது. அண்ணி கத்தவில்லை. தலையைத் தடவிப் பார்த்து, "உன் பொடுகு எனக்கும் தொத்திக்கிச்சாடி?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே, டாக்டர்? அதற்காகத்தான் சொன்னேன். மறுபடி முளைக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இனி ஞாயிறுதோறும் நானே அரைத்துத் தேய்த்துவிடுகிறேன். வீட்டில் யாரும் சிரிக்கவும் விடமாட்டேன்.

பாவம் அது.