நாற்பத்து மூன்று டம்ளர் தண்ணீர்

— ...தண்ணிம்மா, தண்ணி. காலைலேருந்து எத்தனை டம்ளர் குடிச்சேன்னு கேட்டேன்.

— இதுக்கா ஆறு தடவை கூப்பிட்ட? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.

— ஆறு தடவையும் எடுக்கலையே நீ.

— கம்பெனில இருக்கேன்டா. உள்ள ஃபோன் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? எல்லாம் பெட்டில கிடக்கும்.

— இப்ப மட்டும் எப்படி எடுத்த?

— இப்ப... சாப்பாட்டு நேரம்.

— ரெண்டே காலுக்கா?

— வேலை இழுத்துடுச்சு. நீ சாப்பிட்டியா?

— பேச்சை மாத்தாத. எத்தனை டம்ளர்?

— குடிச்சேன்... அஞ்சாறு இருக்கும்.

— ஆப்ல ஒண்ணுகூட வரலையே.

— எந்த ஆப்?

— எந்த ஆப்பா! நான் ஒரு வருஷம் உக்காந்து எழுதின ஆப்மா. மணிக்கு ஒரு தடவை 'தண்ணி குடிங்க'ன்னு சொல்லும், குடிச்சதும் பட்டனை அமுக்கணும். உன் தையல் லைன்ல இருக்கற நாப்பத்தி ரெண்டு பேருக்கும் நீயே போட்டுக் குடுத்தியே.

— ஆமா ஆமா, அதுவா. நல்லாத்தான் ஓடுது. எல்லாரும் ஓயாம குடிக்கறாங்க. மெஷினை விட்டு எழுந்து எழுந்து போய் குடிக்கறாங்க. நான்தான் அதட்டி உக்கார வெக்கறேன்.

— சூப்பர்வைசரம்மா... இன்னைக்கு பதினொண்ணு அஞ்சுக்கு ஒருத்தர்கூட பட்டனை அமுக்கல.

— கரெண்ட் இல்ல.

— ஃபோனுக்கு எதுக்கும்மா கரெண்ட்?

— ...டவர் இல்ல.

— இப்ப பேசிட்டு இருக்கியே.

— இப்ப வந்துடுச்சு. ஏன்டா, நீ கம்ப்யூட்டருக்குப் படிச்சியா, வக்கீலுக்குப் படிச்சியா?

— கோவிச்சுக்காம கேளு. போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்து மூணு நாள் லீவு போட்டியே... அந்த மூணு நாளும் உன் லைன்ல ஒருத்தரும் தண்ணி குடிக்கல.

— அது... என்மேல இருக்கற பாசம்.

— பாசத்துல தாகம்கூட எடுக்காதா?

— எடுக்காது.

— நாப்பத்தி மூணு பேரும் ஒரே வரிசைல குடிக்கறாங்கம்மா. தினம் அதே வரிசை. முதல்ல காஜா அக்கா, அப்புறம் அயர்ன் அக்கா, அப்புறம் கத்தரி அக்கா... கடைசில நீ. ஒருத்தர் குடிச்ச நாலாவது செகண்டு அடுத்தவங்க. பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்ற மாதிரி.

— என் லைன் அப்படி. ஒழுங்கு.

— அம்மா.

— என்ன அம்மா?

— ஃபோனெல்லாம் எங்க இருக்கும்?

— அதான் சொன்னேனே, பெட்டில.

— பெட்டி எங்க இருக்கும்?

— என் மேஜைக்குக் கீழ.

— சாவி?

— ...என் இடுப்புல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்! நான்தான் அமுக்கறேன். நாப்பத்தி மூணையும் நான்தான் அமுக்கறேன். போதுமா? டீ நேரத்துல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. என்ன, ஜெயில்ல போடுவியா?

— ஏன்மா?

— ஏனா? நீதானே அன்னைக்கு ஃபோன்ல சொன்ன. 'ஒரு வருஷம் எழுதினேன்மா, மொத்தமே மூணு பேர்தான் வெச்சிருக்காங்க, அதுல ஒருத்தன் நான்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. ஃபோனை வெச்சுட்ட. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. அன்னைக்குப் பூரா எனக்கு ஒரு வேலையும் ஓடல. மறுநாள் எல்லார் ஃபோனையும் வாங்கி...

— அவங்க ஒண்ணும் கேக்கலையா?

— என் பையன் செஞ்சதுன்னேன். குடுத்துட்டாங்க. முதல் ஒரு வாரம் நிஜமாவே குடிச்சாங்கடா, சத்தியமா. அப்புறம் பெரிய ஆர்டர் வந்துச்சு, யாருக்கு நேரம்? சரி, பிள்ளை மனசு கஷ்டப்படுமேன்னு...

— ஒவ்வொரு ஃபோனா எடுத்து...

— ஃபோன் பூட்டைக்கூடத் திறக்க வேண்டாமே! மேலேயே பட்டன் வருது. தொட்டா போதும். அதை ரொம்ப நல்லா செஞ்சிருக்கடா. ரொம்ப வசதி.

— அது தண்ணி குடிக்கறவங்க வசதிக்காகச் செஞ்சதும்மா.

— யாருக்கோ வசதியா இருந்தா சரி. ஆனா ஒண்ணு, நீயும் சும்மா இல்ல. ஒரு நாள் நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நாப்பத்தி மூணும் சேர்ந்து உர்ர்னு அதிர்ந்ததுல மேஜைக்குக் கீழேருந்து பெட்டியே நகர்ந்து வெளிய வந்துடுச்சு. மேனேஜர் ஓடி வந்து, 'என்னம்மா சத்தம்'ங்கறார்.

— மணின்னு எழுத வேண்டிய இடத்துல நிமிஷம்னு எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போற அவசரத்துல ஏத்தி விட்டது. அதுலேருந்து வெள்ளிக்கிழமை எதையும் தொடறதே இல்ல. நீ என்ன சொன்ன அவர்கிட்ட?

— உள்ள வண்டு கூடு கட்டியிருக்கு சார்னேன்.

— வண்டா!

— வாய்ல வந்தது அதுதான். அவர் மருந்து அடிக்க ஆளை வரவெச்சுட்டார். அவன் பெட்டிக்குள்ளயே அடிச்சுட்டான். கத்தரி அக்கா ஃபோனைக் காதுல வெச்சா இன்னும் தும்மல் வருதாம்.

— அம்மா... வயிறு வலிக்குதும்மா...

— சிரி, சிரி. நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு.

— எங்க சார் இதை நம்பிட்டார், தெரியுமா? மீட்டிங்ல படம் போட்டுக் காட்டினார். 'இந்தத் தையல் கம்பெனியைப் பாருங்க, நாள் தவறாம குடிக்கறாங்க, யாராவது நேர்ல போய் அவங்களைப் பேட்டி எடுத்துட்டு வாங்க'ன்னார்.

— ஐயையோ! நீ என்ன பண்ண?

— வயித்து வலின்னு லீவு போட்டேன்.

— அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?

— உன் காய்ச்சல் அப்பவே தெரியும்.

— ஒரு வருஷமா தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்த?

— சொல்லத் தோணல...

— சரி, இப்ப ஏன் கேக்கற? ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்களா?

— அதெல்லாம் இல்ல.

— மறைக்காத. நாப்பத்தி மூணும் பொய்னு தெரிஞ்சா ஆப்பை மூடிடுவாங்க. உன்னையும் அனுப்பிடுவாங்க. எல்லாம் என்னால. உங்க சார்கிட்ட ஃபோனைக் குடு, நான் பேசறேன்.

— என்னன்னு பேசுவ?

— எல்லாரும் குடிச்சாங்க, நான் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொல்றேன்.

— அம்மா, வேண்டாம். யாரும் கண்டுபிடிக்கல. எனக்கு மட்டும்தான் தெரியும்.

— என் தலைல அடிச்சுச் சொல்லு.

— ஃபோன்ல எப்படிம்மா அடிக்கறது? நிஜமாத்தான் சொல்றேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஒரு ஃபோனுக்கும் அடுத்த ஃபோனுக்கும் நாலு செகண்டு எடுத்துக்குவ. ரெண்டு மாசமா அது ஏறிக்கிட்டே போகுது. ஆறு ஆச்சு, எட்டு ஆச்சு. போன வாரம் பன்னிரண்டு. சில ஃபோன்ல ரெண்டு தடவை அமுக்கற, சிலதை விட்டுடற. புதன்கிழமை உன் ஃபோனையே விட்டுட்ட.

— இதெல்லாமா அதுல தெரியும்?

— தெரியும்.

— கை வலிடா.

— எந்தக் கை?

— வலது... இல்ல, இடது.

— வலதா, இடதா?

— அம்மா, தலையை ஆட்டாதீங்க. சொட்டு மருந்து வழியுது பாருங்க.

— யாரும்மா அது?

— அது... டீ கொண்டு வர்ற பொண்ணு.

— டீயை சொட்டு சொட்டாவா விடுவாங்க?

— இங்க டீ கம்மியாத்தான் குடுப்பாங்க.

— அம்மா, பின்னாடி மெஷின் சத்தமே கேக்கலையே.

— உன் ஆபீஸ்ல மட்டும் என்ன, ஹார்ன் சத்தமா கேக்குது!

— ...ஜன்னல் திறந்திருக்கு.

— ஏசி ஆபீஸ்ல ஜன்னலைத் திறப்பாங்களா?

— ஏசி ரிப்பேர்.

— பொய் சொல்லக்கூடத் தெரியல, இவன்லாம் கம்ப்யூட்டர்ல என்னத்த எழுதறான்!

— அம்மா, உங்க கூட வர்றவங்க இன்னும் வரலையா? ரெண்டே முக்காலுக்கு டாக்டர் கூப்பிடுவார். துணைக்கு ஆள் இல்லாம ஆபரேஷனுக்கு உள்ள விட மாட்டோம்னு காலைலயே சொன்னேன்ல?

— ஆபரேஷனா! அம்மா!

— ஷ்ஷ்... கத்தாத. சின்னதுதான். வலது கண்ணுல புரை. எல்லாருக்கும் வர்றது. கால் மணி நேர வேலையாம்.

— எப்பலேருந்து இது?

— நாலஞ்சு மாசமா மங்கலாத்தான் இருக்கு. தையல் பிரிஞ்சிருந்தா தெரியல. போன வாரம் முப்பது சட்டைல காலர் கோணல். நான் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு அனுப்பிட்டேன். மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார், இந்த மாசத்துக்குள்ள கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு வா, இல்லன்னா லைனை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னு. இருபத்தி ரெண்டு வருஷம்டா. என் லைன்டா அது.

— எங்கிட்ட ஏம்மா சொல்லல?

— சொன்னா என்ன பண்ணுவ? எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடி வருவ. எனக்குக் கால் பிசகினதுக்கே வந்து நாலு நாள் உக்காந்திருந்த. லீவு கேட்டா சார் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறார்னு நீதானே சொன்ன? அந்த ஆப் வேற தள்ளாடிக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல என் கண்ணு ஒரு கேடா உனக்கு?

— இப்படிப் பேசினா எனக்குக் கோவம் வரும்.

— வரட்டும்.

— துணைக்கு யார் வர்றதா இருந்துச்சு?

— செக்கிங் அக்கா. அவளுக்கு லீவு குடுக்கல. நேத்து சாயங்காலம் பெட்டிச் சாவியையும் அவகிட்டதான் குடுத்துட்டு வந்தேன். பதினொண்ணு அஞ்சுக்கு மறக்காம அமுக்குடி, என் பிள்ளை பொழப்புடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மறந்துட்டா பாரு.

— அதை விடு. இன்னைக்கு ஆள் வரலன்னா?

— அடுத்த மாசம் வேற தேதி குடுப்பாங்களாம்.

— மேனேஜர் சொன்ன கெடு?

— ...பாத்துக்கலாம்.

— ஃபோனை அந்த நர்ஸ்கிட்ட குடு.

— எதுக்கு?

— குடும்மா.

— ஹலோ, நர்ஸ் பேசறேன். சார், நீங்க இவங்க பையனா? வெளிநாட்டுல இருக்கறதா அம்மா சொன்னாங்களே...

— வெளிநாடா! நான் பஸ்ல இருக்கேங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக்குள்ளதான் வண்டி திரும்புது. அம்மா எந்தக் கண் ஆஸ்பத்திரில இருக்காங்க? பழசா, புதுசா?

— புதுசு சார். தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட். ரெண்டே முக்காலுக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சுடும்.

— பத்து நிமிஷத்துல வந்துடறேன். அவங்க பேரை மட்டும் அடிச்சுடாதீங்க. அவங்ககிட்ட குடுங்க.

— டேய்! பஸ்ஸா? எப்பக் கிளம்பின?

— பதினொண்ணே காலுக்கு. பத்து நிமிஷம் பாத்தேன், ஒண்ணும் வரல. உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கல. கம்பெனி வாச்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன், இன்னைக்கு வரவே இல்லையேப்பான்னார். அப்படியே பஸ் ஏறிட்டேன். லேப்டாப்கூட மேஜைமேல திறந்தபடி கிடக்கு.

— அப்ப முதல்லேருந்தே தெரிஞ்சுதான் இந்தப் பாடு படுத்தினியா?

— நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்ல மாட்டேங்கறியே!

— திருட்டுப் பயலே...

— அழாதம்மா. மருந்து வழிஞ்சுடும்.

— அழல. மருந்துதான் எரியுது.

— சரி, மருந்துதான்.

— நீ வர்றேன்னதும்தான்டா எனக்கு மூச்சே வருது. தனியா உக்காந்து... பயமாத்தான் இருந்துச்சு.

— வந்துட்டேன்மா. இறங்கிட்டேன்.

— ஆனா டேய்... சாயங்காலமும் அங்க யாரும் அமுக்க மாட்டாங்களே. ஒரு நாள் பூரா ஒண்ணுமே வரலன்னா உன் ஆப்பை மூடிட மாட்டாங்களா? ஒரு வருஷம் கண்ணு முழிச்சு எழுதினது. செக்கிங் அக்காவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லட்டுமா?

— வேண்டாம்மா... ஆப்பை அவங்க மூடி ஏழு மாசம் ஆச்சு, என்னையும் வேற வேலைல போட்டுட்டாங்க. என் ரூம் அலமாரி மேல, பழைய கம்ப்யூட்டர்ல, உன் நாப்பத்தி மூணு ஃபோனுக்காக மட்டும் நான்தான் அதை ஓட்டிக்கிட்டு இருக்கேன். காலைல பதினொண்ணு அஞ்சுக்கு அது ஒவ்வொண்ணா வந்தா அம்மா நல்லா இருக்கான்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் எனக்கு வேலையே ஓடும்.