ஆறு இல்லைகள்

யாரையும் தொடுவதற்கு முன்னால் கையைச் சூடுபடுத்திக்கொள்வது என் வழக்கம். வெந்நீரில் நனைத்து, துண்டில் ஒற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் திரையை விலக்குவேன். மார்பில் வெட்டுப்பட்ட இடத்தில் சில்லென்று ஒரு விரல் பட்டால் பெண்களுக்கு உடம்பே குறுகிப்போகும். முப்பத்தோரு வருடத்தில் என் கை குளிர்ந்திருந்தது என்று ஒருத்தியும் சொன்னதில்லை. விசாரணைக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம், டாக்டரம்மா. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

எங்களுடையது சின்ன சுகாதார நிலையம். ஒரு டாக்டர், நர்ஸ் நான், மருந்து எடுத்துக் கொடுப்பவர், கூட்டிப் பெருக்கும் அம்மாள். மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவையும் கதிர்வீச்சும் முடிந்ததும், இனி வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பதினொரு பேர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம், அதில் ஆறு கேள்விகள். எலும்பில் வலி உண்டா, விடாத இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, தலைவலி உண்டா, உடம்பு இளைத்ததா, கை வீங்குகிறதா. அப்புறம் மார்பு, அக்குள், கழுத்து எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். நான் எழுதுவேன், டாக்டர் கையெழுத்துப் போடுவார். வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது அவர் எதைப் படிப்பார்? "உங்க எழுத்தப் பாத்தா போதும் சிஸ்டர்" என்பார்.

இவர்கள் வரத் தொடங்கிய முதல் வருடம் ஆறு கேள்வியையும் ஒழுங்காகத்தான் கேட்டேன். ஒரு டீச்சர் வருவாள். எலும்பில் வலி உண்டா என்று கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒவ்வோர் எலும்பாக அமுக்கிப் பார்த்திருக்கிறாள். மூன்று மாதம் தூக்கமில்லை, சாப்பாடில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீங்க கேக்காம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே" என்று அழுதாள்.

அன்றோடு கேட்பதை நிறுத்தினேன். அவர்கள் வருகிற நாளன்று காலையிலேயே படிவங்களை எடுத்து, ஆறு கட்டத்திலும் "இல்லை" என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுவேன். எழுதுகிற நேரம் மிச்சம். அந்த நேரத்தில் அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். மருமகள் கதை, மாமியார் கதை, முடி திரும்ப முளைத்த கதை. சோதனைக்கு வருகிறவர்கள் போலவா வருவார்கள்? பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி வருவார்கள்.

அதில் தையல்காரிதான் பெரிய வாயாடி. உள்ளாடையில் ஒரு பை வைத்து, பஞ்சை அடைத்து, தனக்குத் தானே தைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள். "ஒரு பக்கம் நெஞ்சு, ஒரு பக்கம் பஞ்சு. எங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் சாயுறதுன்னு இன்னும் முழிக்கிறார் அக்கா" என்பாள். காத்திருக்கிற பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாலாவது வருடம் அவள் சிரிக்காமல் வந்தாள். "முதுகு விட்டுப்போகுது அக்கா. படுத்தாலும் வலி நிக்க மாட்டேங்குது."

"பத்து மணி நேரம் குனிஞ்சே கெடந்தா அந்த மிஷினே முனகும். நீ முனக மாட்டியா?" என்றேன்.

"அதானே. மிஷினுக்காவது எண்ணெய் விடுறேன்" என்று சிரித்துவிட்டாள். தைலம் கொடுத்து அனுப்பினேன். உழைப்பால் வருகிற வலி படுத்தால் குறையும், குறையாத வலியை விடக் கூடாது. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் படிவத்தில் "இல்லை" என்று மையால் எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் விழுந்தாகிவிட்டது. அடித்துத் திருத்தினால், கேட்பதற்கு முன்னாலேயே எப்படி எழுதினாய் என்று டாக்டர் கேட்பார்.

அடுத்த ஆறு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். மகளுக்கு ஏழு மாதம், வெளியூரில் தனியாக இருந்தாள். "போய் மூணு மாசம் கூட இருந்துட்டு வரட்டுமா அக்கா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டுப் போன்னு வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். உங்க வாயால சரின்னு சொல்லுங்க, அது போதும் எனக்கு."

கழுத்தைத் தடவினேன். இடது பக்கக் காறை எலும்புக்கு மேலே, பட்டாணி அளவுக்கு ஒன்று. கல் மாதிரி. நகரவில்லை. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, நின்னுட்டீங்க?"

"எலும்பு தட்டுப்படுது. மெலிஞ்சிட்ட."

"மெலிஞ்சா நல்லதுதானே, துணி மிச்சம்."

"போயிட்டு வா. ஒண்ணுமில்ல உனக்கு" என்றேன்.

மகள் வீட்டில் குளியலறைக் கதவைத் திறக்கக் கை நீட்டியபோது முதுகெலும்பு நொறுங்கியது. வழுக்கவில்லை, விழவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. அந்த ஊர் டாக்டர்களிடம், "எங்க அக்கா தவறாம பாத்தாங்க, ஒண்ணுமில்லன்னாங்க" என்று என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாளாம். பேரனை அவள் நெஞ்சின் மேல்தான் படுக்க வைத்தார்கள். தூக்கிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் நாலு மாதம்தான் இருந்தாள்.

புற்றுநோய் எலும்பில் இறங்கிய பிறகு முழுதாகக் குணமாக்க முடியாது, அது உங்களுக்கும் தெரியும். ஆனால் முதுகு வலி என்று சொன்ன அன்றே அனுப்பியிருந்தால், மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து இன்னும் சில வருடங்கள் நடமாட வைத்திருப்பார்கள். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பாள். அதையும் நான் மறைக்கவில்லை.

கட்டியைத் தொட்ட பிறகும் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். மகளிடம் போகிறவளைக் கலங்கடிக்க மனசு வரவில்லை என்றுதான் இத்தனை நாளாக எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் என் மகள் வயது. உங்களிடம் பொய் எதற்கு? கட்டியைச் சொன்னால் முதுகு வலியைச் சொல்ல வேண்டும். முதுகு வலியைச் சொன்னால் நான் எழுதிய "இல்லை" எல்லாம் வெளியே வரும். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டிருப்பாளா? அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அனுப்பி வைத்தேன். தெரிந்தே அனுப்பினேன்.

மீதிப் பத்துப் பேரையும் உடனே வரவழைத்து முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். எதற்கு அந்தப் பெண்களை வீணாகப் பதற வைக்கிறீர்கள்? அவர்களுக்கு ஒன்றுமில்லை, டாக்டரம்மா. அடுத்த வருடம் முழுவதற்கும் எழுதி வைத்துவிட்டேன்.