புல்லுக்குப் போட்ட நாலு மார்க்

ஜனவரியில் புல் வளராது. இதைச் சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நீங்கள் இரண்டும் செய்யவில்லை, மேடம், அதனால் உங்களிடம் பேச எனக்குச் சிரமமில்லை. காபி தண்ணீராகத்தான் இருக்கிறது. போகட்டும், காவல் நிலையத்துக்குக் காபிக்காக யார் வருகிறார்கள்?

நான் வந்தது ஒரு தவறைத் திருத்த. எங்கள் கேப்டன் யோரிட் ஹாவர்காம்பின் முழங்கால் போன விஷயத்தில் கிளப் ஒரு நிபுணரை வைத்து விசாரித்தது. அந்த மனிதர் 'மைதானப் பராமரிப்பில் அலட்சியம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மைதானத்தைப் பராமரிப்பவன் நான், ஹார்ம் ஓஸ்டிங். என் வாழ்க்கையில் அலட்சியங்கள் உண்டு. என் மனைவி டீனெக்கேயைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். புல் விஷயத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் ஸ்வார்ட்வீன் கால்பந்து கிளப் இருப்பது இரண்டாம் பிரிவில். ஆடுவது நாலாம் பிரிவு ஆட்டம். புல் மட்டும்தான் முதல் பிரிவு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வெளியூர் அணியின் கேப்டன் எங்கள் புல்லுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், அது இந்த நாட்டு வழக்கம். மார்க்கெல்லாம் கூட்டி, சீசன் முடிவில் சிறந்த மைதானத்துக்குக் கேடயம் தருவார்கள். எங்களுக்கு வந்த கேடயங்களை டீனெக்கே கழிப்பறையில் மாட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் நிதானமாக உட்கார்ந்து பார்க்கிற இடம் அதுதானாம்.

யோரிட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குத் தடையில்லை. உருளைக்கிழங்கு விவசாயியின் மகன். எங்கள் சிறுவர் அணிக்கு வந்தபோது காதும் முழங்காலும் மட்டும்தான் தெரிந்தன, நடுவில் பையன் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. தாடி முளைக்கும் முன்பே முதல் அணிக்கு வந்துவிட்டான். நடுக்களம் அவனுடையதாகிவிட்டது. வேகமாக ஓட மாட்டான். ஓட வேண்டிய அவசியமே வராதபடி நின்றுகொள்வான். எதிரணிக்காரன் நாக்குத் தள்ள ஓடிவந்து பார்த்தால் பந்து போயே போயிருக்கும், இவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பான். பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்தார்கள். நான் சோம்பேறித்தனம் என்பேன். ஆனால் பார்க்க அழகான சோம்பேறித்தனம்.

இருபது வயதில் கேப்டன் ஆனான். அடுத்த வருடம் இளையோர் தேசிய அணியின் ஆரஞ்சுச் சட்டை கிடைத்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு டிவியில் தெரிந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் எண்ணெயில் பொரித்த குரோக்கெட் இலவசம். எங்கள் கிளப் தலைவர் கெர்லோஃப் பிராண்ட்ஸ் தன் கையால் இலவசமாகக் கொடுத்தது அது ஒன்றுதான், அதுவும் ஆறிப்போயிருந்தது.

அவனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மற்றப் பயல்கள் பூட்ஸால் பெயர்த்த புல்கட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். இவன் மட்டும் திரும்பி வந்து, கட்டியை எடுத்து வைத்து, காலால் அமுக்கிவிட்டுப் போவான்.

"என்ன ஹார்ம், இப்படி முறைக்கிறீங்க? உங்க மெத்தையில செருப்போட ஏறிட்டேனா?"

"மெத்தைன்னா பரவாயில்லடா. உறைய மாத்திக்கலாம்."

"டீனெக்கே பாவம். ராத்திரி பக்கத்துல இந்தப் புல்லையும் படுக்க வெச்சுக்குவீங்க போல."

"அது குறட்டை விடாதே."

இப்படித்தான் எங்கள் பேச்சு. அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தாண்டு வரவேற்பில்தான் விஷயம் தெரிந்தது. எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்து, கன்னத்தில் முத்தமிட்டு, சர்க்கரைப் பொடி தூவிய ஓலிபோல் உருண்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தோம். கெர்லோஃப் நாற்காலி மேல் ஏறினார். அவர் ஜன்னல் கண்ணாடி வியாபாரி. பேச்சும் அப்படித்தான், பளிச்சென்று இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது.

"நம்ம யோரிட் இத்தாலிக்குப் போறான். மாசக் கடைசியில கையெழுத்து. அவனுக்காக அந்த ஊர் கிளப் நமக்குத் தர்ற பணத்துல மைதானம் முழுக்க பிளாஸ்டிக் புல்லு போடுறோம். இனிமே மழையாவது பனியாவது. வாரம் பூரா வாடகைக்கு விட்டுக்கலாம்."

கைதட்டினார்கள். அவர் என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஹார்ம், கவலைப்படாத. உன்னை வெச்சுக்குவோம். புல்வெட்டுற மெஷினுக்குப் பதிலா ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கித் தர்றேன், போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சர்க்கரைப் பொடி புரையேறிவிட்டது என்று யாரோ முதுகில் தட்டினார்கள். புரையேறவில்லை. அழுதுகொண்டிருந்தேன். என் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை, அவளுக்காவது வயதாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். யோரிட் போனால் பணம் வரும், பணம் வந்தால் பிளாஸ்டிக் வரும். அவன் போகாவிட்டால் இரண்டும் வராது. கெர்லோஃபை ஏதாவது செய்திருக்கலாமே என்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் துணைத் தலைவருக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும், பொருளாளருக்கும் பிடிக்கும். ஒவ்வொருவராகப் போனால் அது கொலைகாரன் வேலையாகிவிடும், எனக்கு அந்த மாதிரி மனசு கிடையாது. என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். யோரிட்டின் இடது முழங்கால்.

நடுக்கள ஆட்டக்காரனும் பால்மாடும் ஒரு விஷயத்தில் ஒன்று, தினமும் ஒரே இடத்தில்தான் திரும்புவார்கள். யோரிட்டுக்கு அந்த இடம் நடுவட்டத்துக்குச் சற்றுப் பின்னால், இடப்புறம். பின்கள ஆட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்குவான், இடது காலை ஊன்றுவான், உடம்பை ஒரு சுழற்று சுழற்றி முன்னால் அனுப்புவான். அவன் கால் பட்டே அங்கே புல் தேய்ந்துபோகும். திங்கட்கிழமைதோறும் நான் அங்கே ஒட்டுப்போடுவேன். அதனால் நான் அங்கே மண்டியிட்டு வேலை செய்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய கடைசி ஆட்டம் வந்தது. காலையிலேயே போய்விட்டேன். கேக்கின் மேல்பாகத்தை எடுப்பதுபோல் புல்லை ஒரு பலகையாக வெட்டி எடுத்து, கீழே இருந்த கெட்டி மணலை அள்ளிவிட்டு, வாய்க்கால் ஓரத்துக் கருஞ்சேற்றை நிரப்பி, மேலே புல்லை மறுபடி மூடினேன். ஓடிக் கடக்கிற காலை அது தாங்கும். ஊன்றித் திரும்புகிற காலை உள்ளே வாங்கிப் பிடித்துக்கொள்ளும். பெருமைக்குச் சொல்லவில்லை, மேடம், கோடு போட வந்தபோது அந்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். இதைச் செய்கிறவனையா அலட்சியம் என்கிறார்கள்?

நடுவர் வந்து குதிகாலால் அங்கங்கே குத்திப் பார்த்தார். நடுவட்டத்தை நெருங்கும்போது அவருடைய விவாகரத்தைப் பற்றி விசாரித்தேன். அதற்குப் பிறகு அவர் புல்லைப் பார்க்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் யோரிட் என் கொட்டகைக்கு வந்தான். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான், என் தரையில் சேறு படக்கூடாதென்று.

"ஹார்ம், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிறதும் சிரிக்காததும் கேட்டப்புறம்தான் தெரியும்."

"பிளாஸ்டிக் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு துண்டு புல்லு வெட்டிக் குடுங்க. அப்பா வயல் ஓரத்துல நட்டு வைக்கிறேன். எங்க போனாலும் இங்கதான் ஆட்டம் கத்துக்கிட்டேன், இல்லையா."

"ஆட்டம் முடியட்டும். தர்றேன்" என்றேன். நான் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

டாஸ் எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு பாதியில் அவன் அந்தப் பக்கம் வந்தே தீர வேண்டும். பின்பாதியில் வந்தான். பந்தை வாங்கினான், காலை ஊன்றினான், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரக்குச்சியை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான்.

அவன் வலியில் அலறினான் என்று பத்திரிகையில் போட்டார்கள். அலறவில்லை. ஓரக்கோட்டிலிருந்து முதலில் ஓடிப்போனவன் நான், எனக்குத் தெரியும். தரையில் கிடந்தபடி என்னைத்தான் கூப்பிட்டான்.

"ஹார்ம், இங்க பள்ளம் இருக்கு. சீக்கிரம் மூடுங்க, வேற எவனாவது விழுந்துடப் போறான்."

நல்ல பையன் என்று சொன்னேனே. வாளியும் மண்வெட்டியுமாக நான் தயாராகவே இருந்தேன். மருத்துவர்கள் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டேன். சேற்றை அள்ளினேன், மணலைக் கொட்டி மிதித்தேன், புதுப் புல்லை வைத்தேன். ஸ்ட்ரெச்சர் கோட்டைத் தாண்டும் முன் என் வேலை முடிந்துவிட்டது. ஆட்டம் மீதி இருந்ததல்லவா, மற்ற பையன்களின் பாதுகாப்பையும் நான்தானே பார்க்க வேண்டும்.

கிழிந்த பழைய புல்துண்டை ஒரு வாளியில் வைத்து, தண்ணீர் தெளித்து, மருத்துவமனைக்குக் கிளம்பிய அவன் அப்பாவின் வண்டியில் ஏற்றிவிட்டேன். கேட்டானே என்று. வயல் ஓரத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். மரக்கட்டையில் வைத்தால்கூடப் பிடிக்கும், என் புல் அப்படி.

முழங்காலுக்குள் இருந்த தசைநார்கள் அத்தனையும் போய்விட்டன. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பந்து விளையாட்டு இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தாலிக்காரர்கள் ஒரு பூங்கொத்து அனுப்பினார்கள், ஒப்பந்தத்தை அனுப்பவில்லை. கெர்லோஃப் பிளாஸ்டிக்கைக் கைவிட்டார். அன்று நான் வீட்டுக்கு ஒரு ஆப்பிள் கேக் வாங்கிப் போனேன். "யாருக்குப் பிறந்தநாள்?" என்று டீனெக்கே கேட்டாள். யாருக்கும் இல்லை, சாப்பிடு என்றேன்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். உங்களுக்கும் வேலை மிச்சம். ஆனால் அன்றைய ஆட்டத்துக்கு வெளியூர் கேப்டன் போட்ட மார்க் வந்தது. நாலு. பத்துக்கு நாலு, மேடம். கடும் பனி பெய்த வருடத்தில்கூட எங்களுக்கு எட்டுக்குக் கீழே யாரும் போட்டதில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே அந்த நிபுணர் வந்து புல்லை ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்துவிட்டு, அலட்சியம் என்று எழுதினார். கெர்லோஃப் எனக்காக வாதாடினாராம். "விடுங்கப்பா, ஹார்முக்கு வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி தெரியல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று யோரிட் வீட்டுக்கு வந்தான், இரண்டு ஊன்றுகோலோடு. இளைத்திருந்தான். அந்தப் பழைய காதுகள் மறுபடி தெரிய ஆரம்பித்திருந்தன. டீனெக்கே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்ல ஹார்ம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எதுக்குக் கோபம்?"

"ஊர்ல எல்லாரும் உங்களைத்தான் பேசுறாங்க. நான் சொன்னேன், அவர் என்ன பண்ணுவாரு, புல்லு மோசமாயிருந்துச்சுன்னு."

"என்ன இருந்துச்சு?"

"புல்லு மோசமா இருந்துச்சு. விடுங்க. எல்லாருக்கும் ஒரு நாள் கை தவறும்."

அவனுக்குக் காபி ஊற்றினேன். இரண்டாவது பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. ஆனால் மூன்றாவதுக்கு முன் டப்பாவை மூடிவிட்டேன். அத்தனை வருடம் அந்தப் புல் மேல் வளர்ந்தவன், அதைப் பார்த்து மோசம் என்கிறான். நன்றிகெட்ட பேச்சு. ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளம் தானாக வரவில்லை. ஹார்ம் ஓஸ்டிங்காகிய நான் என் கையால், முழு நினைவோடு, அந்தப் பையனின் கால் போக வேண்டும் என்றே தோண்டினேன். புல்லின் மேல் ஒரு குறையும் இல்லை. இதை நீங்கள் முத்திரை போட்டு அனுப்பினால், அந்த நாலு மார்க்கை ரத்துசெய்யக் கேடயம் தருகிறவர்களுக்கு வழி இருக்கும் என்று நினைக்கிறேன்.

யோரிட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். நல்லவேளை கேட்டீர்கள், நானே சொல்ல நினைத்தேன். சனிக்கிழமை மைதானத்தில் அவனுக்குப் பிரியாவிடை விழா வைத்திருக்கிறார்கள். இசைக்குழு வரும், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், அவனை நடுவட்டம் வரை நடக்கச் சொல்வார்கள். தரை இப்போது ஈரமாக இருக்கிறது, ஊன்றுகோல் முனை ஒவ்வொரு அடிக்கும் ஓட்டை போடும். தயவுசெய்து ஓரக்கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.