டெல்மார் பெயரில் ஒரு ஃபோல்டர்

என் பெயர் வென்செஸ்லாவ் பனோகொன். தகப்பனார் பெயர் எலேயுதெரியோ பனோகொன். வயது நாற்பத்து மூன்று. துமகேத்தே நகரம், காலிந்தகான் பகுதியில் மனைவி ரோவெனாவுடன் குடியிருந்து வருகிறேன். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக வேலை செய்கிறேன். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் டெல்மார் காதியானே என்பவரை அடித்துக் காயப்படுத்தியது குறித்து விசாரித்ததில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வது பின்வருமாறு.

நான் கடலில் இருந்த காலத்தில் ரோவெனா புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கியிருந்தாள். அதன் வழியாக ஜப்பான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துப் பேசுவாள். அந்தச் சிரிப்பை நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

போன திங்கட்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, என் போனில் இருந்த கப்பல் படங்களை அந்தக் கணினியில் ஏற்றலாம் என்று திறந்தேன். எங்கே போடுவது என்று தேடிப் போனதில் இரண்டு ஃபோல்டர்களைப் பார்த்தேன். ஒன்றின் பெயர் ரோவெனா. மற்றதன் பெயர் டெல்மார். ரோவெனாவைத் தொட்டதும் திறந்தது. டெல்மாரைத் தொட்டபோது, உள்ளே செல்ல உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். அதே பதில்தான் வந்தது.

அதன் பிறகு ரோவெனா மீன் பையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பையைக் கீழே வைக்குமுன் கேட்டேன்.

"யாருடி அந்த டெல்மார்?"

"லேப்டாப்ல சிஸ்டம் ஏத்திக் குடுத்த ஆளு. முதல்ல அவர் பேர்ல கணக்குத் தொடங்கி, எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு, அப்புறம் என் பேர்ல போட்டுக் குடுத்தாரு. அது வெறும் காலி டப்பா. விடேன்."

"காலி டப்பாவுக்கு எதுக்குப் பூட்டு?"

"கப்பல்ல உனக்கு எல்லாக் கதவும் தொறந்தா கெடக்கு? அகப்பையத் தூக்கிக்கிட்டு எஞ்சின் ரூமுக்குள்ள போயிருவியா?"

அன்று அவள் வைத்த மீன் சாற்றை நான் தொடவில்லை.

அதன் பிறகு மறுநாள் காலை டெல்மாரின் கடைக்குப் போனேன். அவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னைவிட இளையவன், முடியை நன்றாக வாரியிருந்தான். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று, "வீனாவோட வீட்டுக்காரரா? வாங்கண்ணே, உக்காருங்க" என்றான். வீனா என்று அவளை அவள் தாய் வீட்டில் மட்டுமே கூப்பிடுவார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அது வெறும் காலி டப்பாண்ணே."

அவள் சொன்ன அதே சொற்கள். இருவரும் பேசி வைத்துக்கொண்டதாகவே எனக்குப் பட்டது. கேட்காமலே அவன் பாஸ்வேர்டையும் சொன்னான். "சந்தேகம்னா உள்ள போய்ப் பாருங்க. ஆனா சிஸ்டம் ஃபோல்டர்ல மட்டும் கை வச்சிராதீங்க. அதெல்லாம் பூட்டிக் கெடந்தாத்தான் மெஷின் ஓடும்" என்றும் சொன்னான்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். ரோவெனா தேவாலயத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். டெல்மாரின் பெயரிலேயே உள்ளே போனேன். ஃபோல்டர் திறந்தது. படம் இல்லை, கடிதம் இல்லை, ஒன்றுமே இல்லை. அத்துடன் நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஆம்பளை பெயரில் உள்ள இடம் இவ்வளவு சுத்தமாக இருந்தால், யாரோ துடைத்திருக்கிறார்கள் என்றே என் மனம் சொல்லிற்று. சமையலறை மேடை பளபளவென்று இருந்தால் சற்று முன் அங்கே எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மற்ற இடங்களைத் தேடினேன். சில ஃபோல்டர்கள் அவன் பெயருக்கும் திறக்கவில்லை. அவற்றில்தான் மறைத்திருப்பார்கள் என்று நினைத்து, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடியே கணினி முழுவதற்கும் உரிமையாளர் என்று என் பெயரைப் போட்டு, மற்ற எல்லாப் பெயர்களையும் நீக்கினேன். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக என் பெயருக்கு மாறி ஓடுவதைப் பார்க்க நெஞ்சுக்கு ஆறுதலாக இருந்தது. அது முடிந்து, அணைத்துப் போட்டபோது கணினி எழும்பவில்லை. திரை கறுப்பாகவே நின்றது.

அதன் பிறகு ரோவெனா பாடம் நடத்த வந்தாள். பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். என்னைத் திட்டவில்லை. என் எதிரிலேயே போனை எடுத்துப் பேசினாள்.

"டெல், எம் புருஷன் எல்லாத்தையும் தன் பேருக்கு மாத்திக்கிட்டான். இப்ப ஒண்ணுமே எந்திரிக்க மாட்டேங்குது. பிள்ளைங்க அங்க காத்துக்கிட்டு இருக்கும்."

டெல் என்று அவள் கூப்பிட்டதைக் கேட்டதும் கணினியை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன். "கீழ வை, அதுல என் பாடம் எல்லாம் இருக்கு" என்று அழுதுகொண்டே தெருமுனை வரை பின்னால் வந்தாள். நான் நிற்கவில்லை.

கடையில் டெல்மார் கையை நீட்டி, "குடுங்கண்ணே, பாடத்த எல்லாம் காப்பாத்திரலாம். வீனாவ அழ வேண்டாம்னு சொல்லுங்க" என்றான். அவள் அழுதாள் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. கையில் இருந்த கணினியால் அவன் முகத்தில் அடித்தேன். இடது புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் வந்தது. மீண்டும் ஓங்கியபோது பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அப்போது குடித்திருக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் இருவரையும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். டெல்மார் தையல் போட்ட நெற்றியுடன், இவர் மன்னிப்புக் கேட்டால் போதும், வழக்கு வேண்டாம் என்றான். நான் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். அப்போது தகவல் தெரிந்து வந்திருந்த ரோவெனா அதிகாரியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவர் மன்னிக்கலாம் சார், அது அவர் இஷ்டம். நீங்க கேஸ் எழுதுங்க. இவன இப்ப வெளிய விட்டா நாளைக்கு என் போனத் தொறப்பான். அதுலயும் ஒண்ணும் இல்லன்னா என் மண்டையத் தொறந்து பாப்பான்."

சொல்லிவிட்டு டெல்மாரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், படியிறங்கித் தனியாக முச்சக்கர வண்டியில் ஏறினாள்.

இன்னமும் மனைவி மீது சந்தேகம் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லச் சொன்னதால் இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அவள் ஏறிய வண்டி வீட்டுப் பக்கம் திரும்புகிறதா, டெல்மாரின் கடைப் பக்கம் திரும்புகிறதா என்று எழுந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டெல்மார் அப்போது என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

(ஒப்பம்)
வென்செஸ்லாவ் பனோகொன்