வளைவில் ஒரு ஹாரன்

"துறைமுகத்துக்குள்ள ஒரு போட்டு நுழையுது, இன்னொரு போட்டு வெளிய வருது. யாரு வழி விடணும் மாமா?"

போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டுக்கு ஏறும் காலை ஜீப்பில் இப்படிக் கேட்டவள் டிரைவரின் மனைவி. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். யாருடைய தூக்குவாளியோ என் மடியில் இருந்தது.

"நுழையுறவன்தான ஏறி வர்றான்? வெளிய வர்றவன் நிக்கணும்," என்றார் டிரைவர்.

"தண்ணியில எங்கிட்டு இருக்கு மேடு? போன தடவ போட்டு லைசென்சு பரீட்சையிலயும் இதச் சொல்லித்தான பெயிலானீக!"

ஜீப்பே சிரித்தது.

"மலையில ஏறி வர்ற வண்டிக்குத்தான வழி விடுவோம், ஓட்டி ஓட்டி வாயில அப்படித்தான் வருது புள்ள."

"உள்ள இருக்கவன் வெளிய வந்தாத்தான எடம் கெடைக்கும்?" என்றாள் பக்கத்திலிருந்தவள். "பஸ்சுல எறங்க விட்டுட்டுத்தான ஏறுறோம்?"

"அதேதான்க்கா. மாமா, திங்கக்கிழமை கொச்சியில மறந்துராதீக. லைசென்சு கெடச்சா அங்கன போட்டு ஓட்டுற வேலை ரெடியா இருக்கு. சரி, அடுத்தது. கால்வாய் வளையுது. எதுக்க போட்டு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. என்ன செய்வீக?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரே தடவை நீளமாக அழுத்தினார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, கண்ணில் படாத ஏதோ வண்டி அதே நீளத்தில் பதில் கொடுத்தது.

"இது சரி மாமா," என்றாள் அவள். "கொச்சியில வாயால சொல்லணும், அம்புட்டுத்தான்."